பத்து சிவப்பு வில்லைகள்

எனக்கு முன்கோபம் அதிகம் என்பது யாங்கோனில், எங்கள் லத்தா பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பூட்டு, கீல், தாழ்ப்பாள் விற்கிற கடையில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் வரும். பூட்டு வாங்கிப் போகிறவன் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து, பர்மிய மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் 'உ' போட்டு, "உ இனாயத், உங்க பூட்டு சரியில்ல" என்பான். கதவை அளக்காமல் வந்து கீல் கேட்பான். பொருந்தவில்லை என்று மறுநாள் கொண்டுவந்து என் மேஜையில் வீசுவான். இத்தனை வருடத்தில் நான் யார்மேல் கோபப்பட்டேனோ அவர்கள் எல்லோருக்கும் அது தகும். ஆனால் 2003 ஜனவரியில் எனக்கு வந்த கோபத்தில் முக்கால்வாசி என்மேலேயே வந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் தங்கை நூர் பீவிக்கு ஒரே மகள், ஹுஸ்னா. அவள் வாப்பா காஜா மைதீன் இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து பதின்மூன்று வருடம் அவளை வளர்த்தது நான். பள்ளிக்கூடத்துப் பச்சை லுங்கி வாங்கித் தந்தது நான். டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு நாள் படுத்துக் கிடந்தது நான். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றபோது திட்டியதும் நான், அழுகையை நிறுத்த டீக்கடைக்குக் கூட்டிப்போய் பராட்டா வாங்கித் தந்ததும் நான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. இதற்குமேல் அதை விளக்க வேண்டியதில்லை.

அவளுக்கு மாவ்பியில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கும் நியாஸ் என்ற பையனைப் பேசி முடித்தோம். நல்ல பையன். பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுகிறான். நிக்காஹ் தேதி குறிக்கப் பள்ளிவாசலுக்குப் போனோம். இமாமாக இருக்கும் ஹஜ்ரத் நோட்டுப் புத்தகத்தை விரித்துவைத்து, "பொண்ணுக்கு வலீ யாரு?" என்று கேட்டார். வலீ என்றால் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்கும் உரிமை உள்ளவர்.

"நான்தான்" என்றேன்.

ஹஜ்ரத் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க தாய்மாமன். தாய்மாமன் வலீ ஆக முடியாது. வாப்பா இல்லன்னா வாப்பாவைப் பெத்தவரு. அவரும் இல்லன்னா கூடப் பிறந்த ஆம்பளைப் பிள்ளை. அதுவும் இல்லன்னா வாப்பாவோட தம்பி. சாச்சா இருக்காரா?"

இருக்கிறான். அதுதான் தொல்லை. தஸ்தகீர் என்று பெயர். சொந்த அண்ணன் இறந்ததற்கு வராதவன். அப்போது அவன் வடக்கே மாணிக்கச் சுரங்கப் பக்கம் அலைந்துகொண்டிருந்தான், தந்தி கிடைத்தபோது நாற்பது நாள் ஃபாத்திஹாவே முடிந்துவிட்டது என்று கடிதம் எழுதினான். சரி, அதற்குப் பிறகாவது வந்தானா? பதின்மூன்று வருடம் முகத்தைக் காட்டவில்லை. ரமலான் தோறும் ஹுஸ்னாவுக்கு ஒரு பொட்டலம் வரும். உள்ளே காய்ந்த காளான் இருக்கும். பிள்ளை என்ன காளானா கேட்டாள்? கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தான் என்றால், கிழக்கு எல்லையில், மலைச்சாதியார் தாங்களே ஆளும் ஒரு சிற்றூரில், அவர்கள் நடத்தும் சூதாட்ட ஓட்டலில் சமையல்காரனாக. என் மருமகளைக் கைப்பிடித்துக் கொடுக்கும் உரிமை அந்தச் சமையல்காரனுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை.

"இதுக்கு வேற வழியே இல்லையா ஹஜ்ரத்?" என்றேன்.

"இருக்கே. அவரால வர முடியாதுன்னா உங்களைத் தன் வக்கீலா நியமிக்கட்டும். அவருக்குப் பதிலா நீங்க உட்கார்ந்து கொடுக்கலாம். எழுதி, ரெண்டு முஸ்லிம் சாட்சி கையெழுத்து வாங்கிட்டு வாங்க. ஆனா ஒண்ணு. அவரு சூதாடுற எடத்துல இருக்காருன்னு சொல்றீங்க. சூதாடுறவர் வலீயா நிக்கக் கூடாது. வக்கீலா நிக்கிறவருக்கும் அதே சட்டம்தான். இதை விசாரிச்சுக்கிட்டுக் கையெழுத்து வாங்குங்க."

'அவரால வர முடியாதுன்னா' என்றார் ஹஜ்ரத். நான் அதை வர முடியாது என்றே காதில் வாங்கிக்கொண்டேன். அவனை யாரும் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்து நூர் பீவியிடம், "ரொம்ப தூரம், வழியெல்லாம் அனுமதிச் சீட்டு, அவனால வர ஏலாது, நானே போய்க் கடிதம் வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஹஜ்ரத்தின் வாயால் சொல்லச் சொல்லி அந்த வாசகத்தை எழுதிக்கொண்டேன். 'தஸ்தகீருடைய வக்கீலாக நின்று, அவருடைய அண்ணன் காஜா மைதீன் மகள் ஹுஸ்னாவை, பேசிய மஹருக்கு, உமக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்.' மஹர் என்றால் மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் தொகை. கடையில் ஆள் இல்லாத நேரங்களில் பூட்டுகளைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். ஒருநாள் ஒரு வாடிக்கைக்கார அம்மா வந்து நின்றதைக் கவனிக்காமல் தாழ்ப்பாளுக்கு நிக்காஹ் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் தாழ்ப்பாள் வாங்காமலே போய்விட்டார்.

புறப்படும் அன்று ஹுஸ்னா ஒரு உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "சாச்சாக்குக் குடுங்க மாமா. நான் எழுதுனது. பர்மா பாஷையிலதான் எழுதிருக்கேன், தமிழ் எழுத வரல" என்றாள். உள்ளே கல்யாணப் பத்திரிகையும் கடிதமும். அதைப் பையின் அடியில் வைத்தேன். வக்கீல் கடிதத்தை மேலே, சட்டைப் பையில் வைத்தேன். முதலில் கையெழுத்து, அப்புறம் உறை. அந்த வரிசையை மாற்றக் கூடாது என்று முடிவோடுதான் விமானம் ஏறினேன்.

கெங்துங் வரை விமானம். அங்கிருந்து நாலு மணி நேரம் கார். வழியில் ஏழு இடத்தில் நிறுத்தி அனுமதிச் சீட்டைப் பார்த்தார்கள். ஏழாவது இடத்தில் கொடியே வேறு, சீருடையே வேறு. மலைக்காரர்களின் சொந்தப் படை. அங்கே நம் காசு செல்லாது, சீனக் காசாக மாற்றிக்கொள்ள வேண்டும். நம் போன் அடிக்காது. டிரைவர் திரும்பி, "கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால வைங்க ஐயா, இங்க சீன நேரம்" என்றான். அதையும் செய்தேன். சொந்த நாட்டுக்குள்ளேயே நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்களே என்று எரிச்சலாக வந்தது.

ஓட்டலின் பெயர் தங்க மயில். வாசலில் சிமெண்ட் மயில் ஒன்று. அதன் வாலில் பாதி உதிர்ந்துபோய்க் கம்பி தெரிந்தது. நீச்சல் குளம் இருந்தது, தண்ணீர் இல்லை. குளத்துக்குள் யாரோ மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். மூன்று மாடி, நாற்பது அறை இருக்கலாம். கீழ்த்தளத்தில் வலப்பக்கம் ஒரு பெரிய கண்ணாடிக் கதவு. அதற்குப் பின்னால்தான் சூதாட்டக் கூடம். கதவு திறக்கும்போதெல்லாம் சிகரெட் புகையும் பகடை உருளும் சத்தமும் வெளியே வந்தன.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் மலைச்சாதிக்காரி. தலையில் வெள்ளிக் காசும் மணியும் தைத்த குல்லா, கீழே ஜீன்ஸ், கையில் வாக்கி-டாக்கி. நல்ல பர்மியம் பேசினாள். சமையலறைக்குப் பேசிவிட்டு, "உ தஸ்தகீர் மதியச் சாப்பாட்டு வேலையில் இருக்கிறார். யுன்னானிலிருந்து முஸ்லிம்கள் இரண்டு பஸ் வந்திருக்கிறார்கள். மூன்று மணிக்கு வருவதாகச் சொல்கிறார்" என்றாள். சூதாட வருவார்களாம், ஆனால் கறி மட்டும் ஹலாலாக இருக்க வேண்டுமாம். அதற்காகவே தஸ்தகீரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அறைச் சாவியோடு பத்து சிவப்பு பிளாஸ்டிக் வில்லைகளை மேஜைமேல் அடுக்கி வைத்தாள்.

"இது என்ன?"

"அறை எடுப்பவர்களுக்கு இலவசம். உள்ளே மேஜையில் வைத்து ஆடலாம்."

"எனக்கு ஆட்டம் வேண்டாம். வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்."

"முடியாது."

"சரி, ஒரு தேநீர் கொடுங்கள், இதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்."

"தேநீருக்கும் ஆகாது. மேஜைக்கு மட்டும்தான். இன்றைக்குள் ஆடாவிட்டால் செல்லாது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "வேண்டாமென்றால் குப்பையில் போட்டுவிடுங்கள் ஐயா. எங்கள் ஆட்கள் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது என்று எங்கள் தலைவர்களே சட்டம் போட்டிருக்கிறார்கள். நான் ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன். உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியாது."

குப்பையில் போடுவதா! வளைந்த ஆணியைக்கூட நிமிர்த்தி டப்பாவில் போட்டு வைப்பவன் நான். வில்லைகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மூன்று மணி ஆனது. தஸ்தகீர் வரவில்லை. மூன்றேகால். மூன்றரை. நான் எழுந்துபோய்க் கேட்டேன். "வருவார்" என்றாள் அந்தப் பெண். யாங்கோனிலிருந்து இத்தனை தூரம் வந்தவனை வாசலில் உட்காரவைத்துவிட்டு அவன் என்ன தேக்சா கழுவிக்கொண்டிருக்கிறானா? அண்ணன் மவுத்துக்கு நாற்பது நாள் தாமதம், மச்சானுக்கு எத்தனை நேரமோ! எனக்கு உள்ளே கொதித்தது. உட்கார முடியவில்லை. நடந்தேன். நடக்கும்போது பைக்குள் அந்த வில்லைகள் உரசி உரசிச் சத்தம் போட்டன. கொட்டித் தொலைத்துவிட்டு வருவோம், இலவசமாக வந்தது இலவசமாகப் போகட்டும் என்று கண்ணாடிக் கதவைத் தள்ளினேன்.

முதல் மேஜையில் பகடை ஆட்டம். மூன்று பகடையைக் கண்ணாடிக் குடுவைக்குள் குலுக்குவார்கள். கூட்டுத்தொகை பெரிதா சிறிதா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 'சிறிது' என்று எழுதிய கட்டத்தில் பத்து வில்லையையும் மொத்தமாக வைத்தேன். போய்த் தொலையட்டும் என்றுதான் வைத்தேன், சத்தியமாக. ஒன்று, மூன்று, இரண்டு விழுந்தது. பச்சை வில்லைகள் பத்து என் பக்கம் தள்ளினார்கள். பச்சை வில்லைக்குக் காசு உண்டாம்.

அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் பச்சை வில்லையை ஹலாலில்லாத காசாக வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே, அதையும் தோற்றுவிட்டு எழுவோம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். பாருங்கள், எவ்வளவு அழகான நியாயம். தோற்பதற்காக வைத்தேன், ஜெயித்தேன். மறுபடி வைத்தேன், மறுபடி ஜெயித்தேன். பக்கத்திலிருந்த சீனக் கிழவி என் முதுகில் தட்டினாள். அதற்குப் பிறகு தோற்பதற்காக வைத்தேன் என்று சொன்னால் அது பொய். குடுவையைத் திறக்கும்போது என் கழுத்து நீண்டது. வாய்க்குள் 'சிறிது, சிறிது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பச்சை வில்லைகள் எல்லாம் போனபோது கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் என் சொந்தக் காசை எடுத்தது. அந்தக் காசுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த வக்கீல் கடிதம் விரலில் பட்டது. பட்டும் நான் நிறுத்தவில்லை. காசு இரண்டு குலுக்கலில் போனது.

வெளியே வந்தபோது என் கடிகாரத்தில் நாலு இருபது. முகத்தைக் கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் சீனர்கள்.

சரியாக நாலரைக்குத் தஸ்தகீர் வந்தான். தாடி முழுக்க நரைத்திருந்தது. என்னைவிட ஏழு வயது இளையவன், என்னைவிடக் கிழவனாகத் தெரிந்தான். ஓடிவந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான்! நான் கரெக்டா வந்துட்டேன்ல?"

"கரெக்டா? மூணு மணின்னு சொல்லி நாலரைக்கு வந்து நிக்கிறே. ஒன்றரை மணி நேரமா இந்த நாற்காலியைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். வெக்கமா இல்லையா உனக்கு?"

அவன் விழித்தான். பிறகு தன் மணிக்கட்டை நீட்டினான். அதில் மூன்று மணி.

"இது யாங்கோன் நேரம் மச்சான். நீங்க அங்கேருந்து வாறீங்க, யாங்கோன் நேரம்தானே வச்சிருப்பீங்கன்னு நெனைச்சேன். நான் இந்த ஊரு நேரத்துக்கு மாத்துனதே இல்ல. எங்க காக்கா, ஹுஸ்னா வாப்பா, மவுத்தான தந்தி வந்தப்ப கையில கட்டிருந்த வாட்ச் இது. சமையக்கட்டுல இருக்கிறவங்க எல்லாம் என்னைக் கேலி பண்ணுவாங்க."

திட்ட வந்தவனுக்கு இது இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். ஹுஸ்னாவுக்குக் கல்யாணம், நீதான் வலீ, உன்னால் வர முடியாது, இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடு, சாட்சிக்கு இரண்டு முஸ்லிம் வேண்டும். இந்த ஊரில் ஒழுங்கான முஸ்லிம் இரண்டு பேர் கிடைப்பார்களா என்பதுதான் சந்தேகம் என்றேன்.

அவன் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். 'வர முடியாது' என்று நான் சொன்னதை மறுக்கவில்லை. "நான் குடுக்கிறதைவிட நீங்க குடுக்கிறதுதான் நியாயம் மச்சான். வளர்த்தது நீங்க" என்றான். என் நெஞ்சு நிரம்பிவிட்டது. இத்தனை வருடத்தில் அதை என் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் ஆள் இந்தக் காளான் பொட்டலக்காரன்.

ஓட்டலுக்கு எதிரே மா ஹாஜி என்ற சீன முஸ்லிம் பெரியவர் மாட்டுக்கறி நூடுல்ஸ் கடை வைத்திருந்தார். அவரும் அவர் தம்பியும்தான் அந்த ஊரின் சாட்சிகள். ஊரில் எந்த நிக்காஹ் நடந்தாலும் அவர்கள் கையெழுத்துதான். ஹாஜி கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, கடிதத்தைத் தஸ்தகீரைப் படித்துச் சொல்லச் சொன்னார். பேனாவைத் திறந்தார். திறந்து வைத்துக்கொண்டு பர்மியத்தில் கேட்டார்:

"இந்த ஊரில் இதைக் கேட்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் அந்த மேஜையில் உட்கார்ந்தது உண்டா?"

"அல்லாஹ் மேல ஆணையா இல்ல ஹாஜி" என்றான் தஸ்தகீர். "பத்து வருஷத்துல அந்தக் கண்ணாடிக் கதவைத் தொட்டதில்ல. நான் பின்வாசல் வழியாத்தான் போவேன், வருவேன். உங்களுக்கே தெரியும்."

ஹாஜி என்னைப் பார்த்தார். கேள்விகூட இல்லை அது, ஒரு மரியாதைக்குப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினால் போதும். பேனா காகிதத்தில் இறங்கியிருக்கும். அந்தக் கடையிலிருந்து லத்தாவுக்கு ஆயிரம் மைல் இருக்கும், சீனக் கிழவியா வந்து சொல்லப்போகிறாள்? பள்ளிவாசலில் நான் உட்காருவேன். நியாஸின் கையைப் பிடிப்பேன். பூட்டுகளுக்கு முன்னால் பழகிய வாசகத்தைச் சொல்வேன். அந்தக் காட்சியை நான் எத்தனை நாள் பார்த்து வைத்திருக்கிறேன்!

ஆனால் அந்தப் பிள்ளையின் நிக்காஹ் என் பொய்மேல் நிற்கும். அவள் சமைப்பது, தூங்குவது, பிள்ளை பெறுவது எல்லாம் அதன்மேல் நிற்கும். அது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

"ஆடினேன்" என்றேன்.

"என்ன மச்சான்?" என்றான் தஸ்தகீர்.

"ஆடினேன்னு சொல்றேன், காது கேக்கலையா? நீ யாங்கோன் நேரத்தைக் கட்டிக்கிட்டு உள்ளே இருந்தே, நான் சீன நேரத்தைக் கட்டிக்கிட்டு வெளியே இருந்தேன். ஓசி வில்லை குடுத்தாங்க. குப்பையில போட மனசு வரல. அப்புறம் சொந்தக் காசையும் வச்சேன். தோத்தேன். போதுமா?"

ஹாஜி பேனாவை மூடினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. "தவ்பா செய்யுங்கள், அல்லாஹ் மன்னிப்பான். ஆனால் இன்றைக்கு இந்தக் காகிதத்தில் என் பெயரைக் கேட்காதீர்கள்" என்றார். பிறகு தஸ்தகீரின் பக்கம் திரும்பினார். "ஆடாதவர் ஒருவர் இங்கேயே இருக்கும்போது காகிதம் எதற்கு? போய்க் கொடுத்துவிட்டு வாரும்."

தஸ்தகீர் தலையைக் குனிந்துகொண்டான். "நான் எந்த முகத்தோட மதினி முன்னால போய் நிப்பேன் மச்சான்? காக்காவை அடக்கம் பண்ண வராதவன், பொண்ணைக் குடுக்க மட்டும் வந்துட்டான்னு ஊரே பேசாதா?"

பேசும். நானே பேசியிருப்பேன். பதின்மூன்று வருடமாக நான் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். பையின் அடியில் கையை விட்டு ஹுஸ்னாவின் உறையை எடுத்து அவன் முன்னால் போட்டேன். "இதை முதல்லயே குடுத்திருக்கணும். குடுக்கல. அதுக்கும் சேர்த்துத்தான் எனக்கு இது வேணும்" என்றேன்.

அவன் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பர்மியத்தில் படித்தான். எனக்கும் காதில் விழுந்தது. 'சாச்சா, காளான் எல்லாம் உம்மா சமைத்துத் தருவார்கள், நான் விரும்பிச் சாப்பிடுவேன். மாமாவுக்கு மட்டும் பிடிக்காது. நிக்காஹுக்கு நீங்கள் வர வேண்டும். மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். வாப்பா பக்கத்து ஆள் என்று எனக்கு ஒருவராவது வேண்டும்.' அவன் கண்ணைத் துடைக்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மா ஹாஜி இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தார். நான் சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன்.

வெள்ளிக் குல்லாப் பெண்தான் மேலாளரிடம் பேசி அவனுக்கு ஆறு நாள் விடுப்பு வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் கார் ஏறும்போது என்னிடம், "வில்லைகளை என்ன செய்தீர்கள் ஐயா?" என்று கேட்டாள். நான் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏழாவது இடத்தில் என் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்பினேன். தஸ்தகீர் தன் கடிகாரத்தில் எதையும் தொடவில்லை. ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தான்.

நூர் பீவி அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தம்பி, சாப்பிட்டியா?" என்றாள், அவ்வளவுதான். ஊரும் பேசவில்லை. எனக்குத்தான் ஏமாற்றமாக இருந்தது. நான் மட்டும் இத்தனை வருடம் யாருக்காகக் கோபப்பட்டேன்?

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். பெண்கள் மாடியில், திரைக்குப் பின்னால். கீழே நியாஸும் தஸ்தகீரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தஸ்தகீர் என் கைலியைப் பிடித்து இழுத்து அவன் பக்கத்திலேயே உட்காரவைத்தான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஹஜ்ரத் மைக்கைப் பிடித்துக் குத்பா ஓதினார். அது முடிந்து, வலீயின் கையையும் மாப்பிள்ளையின் கையையும் சேர்த்து வைத்தார். சரியாக அந்த நேரத்தில் மின்சாரம் போனது. இந்த ஊரில் மின்சாரத்துக்கு நேரம் காலம் தெரியாது. மைக் செத்தது, மின்விசிறி நின்றது. ஹஜ்ரத்தின் குரல் மைக் இல்லாமல் முன்வரிசைக்கே எட்டாது. தொண்டை கட்டிப்போய் மூன்று நாள் ஆகிறது அவருக்கு.

"சொல்லுங்க" என்று ஹஜ்ரத் எடுத்துக் கொடுத்தார். "என் அண்ணன்..."

"என் அண்ணன்" என்றான் தஸ்தகீர். அங்கேயே நின்றுவிட்டான். 'காஜா மைதீன்' என்ற பெயர் அவனுக்கு வரவில்லை. உதடு துடிக்கிறது, தாடி நனைகிறது, பெயர் மட்டும் வரவில்லை. ஹஜ்ரத் மறுபடி சொன்னார். இவனுக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. நியாஸ் நீட்டிய கையோடு முழித்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. வந்ததும் வந்தான், இதையாவது ஒழுங்காகச் செய்யக் கூடாதா? அவன் காதுப்பக்கம் குனிந்தேன். பழகி வைத்திருந்த வாசகத்தில் 'வக்கீலாக நின்று' என்ற முதல் பகுதியை வெட்டிவிட்டேன். 'அவருடைய' என்பதை 'என்' ஆக்கினேன். மீதி எல்லாம் அப்படியே இருந்தது.

"என் அண்ணன் காஜா மைதீன் மகள்" என்றேன்.

"என் அண்ணன்... காஜா மைதீன் மகள்" என்றான்.

"ஹுஸ்னாவை."

"ஹுஸ்னாவை."

"பேசிய மஹருக்கு, உமக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்."

அவன் சொன்னான். நியாஸ் ஏற்றுக்கொண்டேன் என்றான். ஹஜ்ரத் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். எல்லோரும் துஆவுக்குக் கையேந்தினார்கள். நானும் ஏந்தினேன்.

சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படி இறங்கிவந்து ஹுஸ்னா என் முன்னால் நின்றாள். முகத்திரையைத் தூக்கிவிட்டிருந்தாள். கண் மை கலைந்திருந்தது.

"மாமா, கரண்ட் போச்சுல்ல, மேல யாருக்கும் ஒண்ணுமே கேக்கல. ஹஜ்ரத் பேசுனது கேக்கல. சாச்சா பேசுனதும் கேக்கல" என்றாள். "உங்க குரல் மட்டும்தான் கேட்டுச்சு. எல்லாரும் நீங்கதான் குடுத்தீங்கன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க."

முப்பத்திரண்டு வருடம் கடையில் கத்திக் கத்தி வளர்ந்த குரல். காதோடு காதாகத்தான் சொன்னேன் என்று நான் நினைத்திருந்தேன்.

"நீ என்ன நெனைச்சே?" என்று கேட்டேன்.

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். புதுச் சட்டை முழுக்க மை. "பிரியாணி ஆறிப்போவுது, போய் முதல்ல சாப்பிடு, போ" என்று எரிந்து விழுந்தேன்.